மெட்ரிக் சேர்ந்து ஆறு வாரம். அனாட்டமியை இப்போதே ஆரம்பிக்கலாமா?

சுங்கை_பாக்காப்_07
ஞாயிறு, இரவு 10.52

வணக்கம். பினாங்கு மாநிலம் கெப்பாலா பத்தாஸில் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஓராண்டுப் படிப்பு) சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே டாக்டர் ஆவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து வீட்டில் என்னைப் பாத்திரம் கழுவக்கூட விட்டதில்லை. இப்போது அந்தக் கடனை அடைக்கிற நேரம்.

சேர்ந்த முதல் வாரமே பழைய புத்தகம் விற்பவரிடம் 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஓர் அனாட்டமிப் புத்தகம், உடற்கூறியல், வாங்கினேன். செங்கல் கனம். மருத்துவம் கிடைத்த பிறகு திணறக் கூடாது, இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவைத்துவிடலாம் என்று திட்டம். தினமும் இரவு ஒன்றரை மணி நேரம், சனி ஞாயிறில் நாலு மணி நேரம்.

அறையில் என்னோடு மூன்று பேர். வார இறுதியானால் பாசார் மாலாம் (இரவுச் சந்தை), கடற்கரை என்று கிளம்பிவிடுகிறார்கள். தமிழ் மாணவர்கள் கலை இரவுக்கு ஒரு நாடகம் போடுகிறார்கள், அதில் மாமியார் வேடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: படிக்க வேண்டும்.

நேற்று கை நரம்புகள் பற்றிய ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. பத்து மணிக்கு அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள், கையில் நாசி கண்டார், குழம்பு ஊற்றிய சோற்றுப் பொட்டலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பசியாகவும் இருந்திருக்கலாம்.

பெரியப்பா மகன் சொல்கிறார், "ஓராண்டுதானே, பல்லைக் கடித்துக்கொள், ஜாலி எல்லாம் பிறகு." பிறகு என்றால் எப்போது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. மருத்துவம் படித்தவர்கள், படிப்பவர்கள் சொல்லுங்கள். வெளியே போனால் நான் சோம்பேறியா?


மூன்றாமாண்டு_குபாங்
ஞாயிறு, இரவு 11.30

தங்கச்சி, முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வை.

என் கதையைக் கேள். எங்கள் வீடு பினாங்குத் தீவில், குளுகோரில். மாடியில் நின்றால் யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மின்டன் வளாகத்து மரங்கள் தெரியும். யூ.எஸ்.எம். மருத்துவம் கிடைத்ததும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: மகள் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவாள் என்று. மருத்துவ வளாகம் கிழக்குக் கரையில் கிளந்தான் மாநிலத்தில், குபாங் கெரியானில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. விண்ணப்பம் போட்ட எனக்குத் தெரியும், சொன்னால் அம்மா வேண்டாம் என்பாரோ என்று வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்க இராத்திரி பஸ் ஏறிப் போன ஆள் நான்.

நானும் உன்னைப் போலத்தான் மெட்ரிக் முடிந்த விடுமுறையில் எலும்புப் பெயர் எல்லாம் மனப்பாடம் செய்தேன். 206 எலும்பு. முதலாண்டில் ஆசிரியர் வேறு விதமாக, வேறு வரிசையில் நடத்தினார். நான் படித்தது பாதி மறந்துவிட்டது, மீதி பாதி தப்பாக நினைவிருந்தது. தப்பாக நினைவிருப்பது மறப்பதைவிட மோசம்.

ஆனால் வார்டில் போய் நின்றபோது எது கைகொடுக்கவில்லை தெரியுமா? மொழி. ஒரு பாட்டி கட்டிலில் உட்கார்ந்து கிளந்தான் மலாயில் பொரிந்து தள்ளுகிறார். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாயில் ஏ வாங்கிய எனக்கு 'கப்போ' என்றால் 'என்ன' என்பதுகூடப் புரியவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா பாவப்பட்டு மொழிபெயர்த்துச் சொன்னார். மெட்ரிக்கில் என் பக்கத்து அறையில் கிளந்தான் கோத்தா பாரு பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஓராண்டு முழுக்க அவர்களோடு நான் பேசியது 'தண்ணீர் வருகிறதா' என்பது மட்டும்தான்.

உன் அறையில் யார் யார் இருக்கிறார்கள்?


பிறை_அப்பா
திங்கள், காலை 6.15

நான் டாக்டர் இல்லை. பிறையில் தொழிற்சாலையில் வேலை. ஆனால் இந்த மாதிரி ஆலோசனைகளைப் பார்க்கும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

இரண்டு வருடம் முன்னால் என் மகனுக்கும் எல்லாரும் இப்படித்தான் சொன்னார்கள். அனுபவி தம்பி, வயது போனால் வராது. அவனும் ஃபுட்சால், கலை இரவு, பிறந்தநாள் என்று எதையும் விடவில்லை. முடிவில் சி.ஜி.பி.ஏ. (மொத்த மதிப்பெண் சராசரி) நாலுக்கு 3.72. வெளியில் கேட்டால் நல்ல மதிப்பெண் என்பார்கள். நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. தனியாரில் விசாரித்தேன், முழுப் படிப்புக்கும் பல இலட்சம் வெள்ளி. ஈ.பி.எஃப்.இல் (ஊழியர் சேமநிதி) பிள்ளை படிப்புக்கு எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்தாலும் ஒரு வருடக் கட்டணம் தேறாது.

அவன் இப்போது உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான். சந்தோஷமாக இல்லாதது நான்.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு செமஸ்டர் தவறவிட்டால் இன்னொரு வழி இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அரசாங்க இடம் ஒன்றுதான் வழி. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கட்டும். தயவுசெய்து கெடுக்காதீர்கள்.


லெபோ_குயின்
திங்கள், காலை 8.02

எல்லாம் சரி. அந்த நாசி கண்டார் எந்தக் கடை?


நைட்_ஷிப்ட்
செவ்வாய், அதிகாலை 3.10

கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது, அதற்குள் எழுதிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் மெடிக்கல் ஆபீசர். ஊர் வேண்டாம்.

பிறை அண்ணே, உங்கள் கோபம் நியாயம். சி.ஜி.பி.ஏ. இல்லாமல் கதவே திறக்காது, அதில் வாதம் இல்லை. ஆனால் யூ.பி.யூ. (அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை) மெரிட் கணக்கில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். மருத்துவத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் எல்லாரும் அந்த 90இல் ஏறக்குறைய ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவர்கள். அங்கே அந்தப் பத்துக்கு ஒரு கனம் உண்டு. நாடகத்தை முழு வீண் என்று தள்ளிவிட முடியாது.

தங்கச்சி, நீ எதற்குத் தயாராகிறாய் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஐந்து வருடம் படிப்பு. அப்புறம் ஹவுஸ்மேன்ஷிப், மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக, இரண்டு வருடம். முன்பு ஒரு வருடமாக இருந்தது, 2008இல் இரண்டாக்கினார்கள். நாலு நாலு மாதமாக ஆறு துறை. அது முடிந்தால் நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2016 டிசம்பரிலிருந்து ஒப்பந்த முறை வந்தது. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்களே, கோவிட் உச்சத்தில், காலை பதினொரு மணிக்குக் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றவர்களில் நானும் ஒருவன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே ஓடினோம், நோயாளிகள் காத்திருந்தார்கள். அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. பயமுறுத்தச் சொல்லவில்லை. 'பிறகு ஜாலி' என்று உன் அண்ணன் சொல்லும் அந்தப் பிறகு எங்கே இருக்கிறது என்று நாள்காட்டியில் தேடிப் பார், அதற்காகச் சொன்னேன்.

என்னோடு ஹவுஸ்மேனாக இருந்தவர்களில் பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டு. பாடம் தெரியாமல் போனவர் என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை. திட்டு வாங்கிய இரவில் கூட உட்கார்ந்து மேகி சாப்பிட ஆள் இல்லாதவர்கள்தான் உடைந்தார்கள். 'எனக்குத் தெரியவில்லை, வந்து பாருங்கள்' என்று சீனியரிடம் சொல்லத் தெரியாதவர்களும். எங்கள் கூட்டத்தில் நன்றாகத் தாக்குப்பிடித்தவன் கல்லூரியில் நாடகங்களுக்கு மேடைக்குப் பின்னால் நின்றவன். விளக்கு போடுகிறவன், திரை இழுக்கிறவன், வசனம் மறந்தவன் எல்லாரையும் கத்தாமல் வேலை வாங்கிப் பழகியிருந்தான். அவசரப் பிரிவில் ஒரே நேரத்தில் மூன்று ஆம்புலன்ஸ் வந்தபோது அது தெரிந்தது.

கை நரம்பு விஷயம்: பிராக்கியல் பிளெக்சஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) நான் மூன்று தடவை புதிதாகப் படித்திருக்கிறேன். முதலாண்டில், கடைசி ஆண்டில், எலும்புப் பிரிவில் ஹவுஸ்மேனாக இருந்தபோது. இப்போது கேட்டால் படம் வரைந்து பார்த்துத்தான் சொல்வேன்.

கூப்பிடுகிறார்கள்.


தண்ணீர்மலை_தொண்டன்
செவ்வாய், மதியம் 1.20

நான் மருத்துவமும் இல்லை, மெட்ரிக்கும் இல்லை. முதலுதவித் தொண்டன். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலையில் நிற்பேன். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய வருவார்கள், அதனால் சொல்கிறேன்.

தைப்பூசம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், பாட்டு, கூட்டம். தார் ரோட்டில் வெறுங்கால். மேலே 513 படி. எங்களிடம் வருவது பெரும்பாலும் கால் கொப்புளம், தேங்காய் ஓடு கிழித்த பாதம், மயக்கம்.

ஒரு வருடம் ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், படி ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வேர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது. வெயில் மயக்கம் என்று எல்லாரும் விசிறினோம். அன்று எங்களோடு இருந்த ஒரு பெண், உன் வயதுதான், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "பாட்டி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" விரதம், ஒன்றும் சாப்பிடவில்லை. "மாத்திரை ஏதாவது?" மாத்திரை இல்லையம்மா, ஊசிதான், விரதமாக இருந்தாலும் ஊசியை விடக் கூடாது என்று மகன் சொல்லியிருக்கிறான். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் அத்தனை தூரம் நடந்திருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. நல்ல நினைவோடுதான் இருந்தார், விழுங்க முடிந்தது. பக்கத்துப் பந்தலிலிருந்து ரோஸ் சிரப் தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் பேச ஆரம்பித்தார். எங்கள் டாக்டர் வந்து பார்த்து, மலை ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பாட்டி எங்களையெல்லாம் முறைத்துக்கொண்டே போனார்.

அந்தப் பெண் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அவள் பாட்டிக்குச் சர்க்கரை. அவ்வளவுதான். அன்று மாலை அதே பெண் தோழிகளோடு ரத ஊர்வலத்தில் உறுமி மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

இன்னொரு வகையும் வருவார்கள். வந்ததும் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டு ஒரு படம், போகும்போது சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று ஒரு கேள்வி. நடுவில் ஆளைக் காணோம். சான்றிதழுக்காக வர வேண்டாம், கொப்புளத்துக்கு மருந்து போடுவது அவ்வளவு சுகமான வேலை இல்லை.


விட்டுவந்தவன்_கேஎல்
செவ்வாய், இரவு 9.45

யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கிறேன். உனக்கு நோயாளிகளைப் பிடிக்குமா?

நான் கோலாலம்பூரில் மருத்துவம் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் விட்டவன். படிவம் ஒன்றிலிருந்தே தயாரானேன். உயிரியல் ஒலிம்பியாட், டியூஷன், விடுமுறையில் உடலியல். தயாரிப்பு நன்றாக நடந்துகொண்டிருந்ததால் ஆசை சரிதானா என்று பார்க்க நேரமே வரவில்லை. முதல் தடவை வார்டுக்குப் போனபோது தெரிந்தது, எனக்கு உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பது பிடிக்கும், உடம்பு சரியில்லாத மனிதரோடு அரை மணி நேரம் உட்காரப் பிடிக்காது. ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். விட்டதில் வருத்தம் இல்லை, வீட்டில் செலவழித்த பணத்தில்தான் வருத்தம்.

அப்பாவையோ தாத்தாவையோ அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ. எண் வாங்கி, மூன்று மணி நேரம் உட்கார். கைப்பேசியை எடுக்காதே. வருகிறவர்களைப் பார், நர்ஸ் எப்படிப் பேசுகிறார் என்று பார், மருந்து கவுன்டரில் ஒரு தாத்தாவுக்கு எந்த மாத்திரை எப்போது என்று புரிகிறதா என்று பார். அலுப்பாக இருந்தால் பரவாயில்லை, எனக்கும்தான் இருந்தது. அலுப்போடு ஆர்வமும் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இன்னொன்று. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தும், பேரவைக் கதைகள். அதற்கு எழுத வேண்டும் என்று பள்ளியிலிருந்தே ஆசை. மருத்துவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். மருத்துவமும் முடியவில்லை, கதையும் எழுதவில்லை.


சுங்கை_பாக்காப்_07
புதன், இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

ஒன்றை மறைத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். முதல் கெமிஸ்ட்ரி தேர்வு முடிவு போன வாரம் வந்தது. 61.

அறையில் இருப்பவர்கள்: ஒருத்தி பெர்லிஸ், ஒருத்தி தைப்பிங், ஒருத்தி பாசிர் மாஸ், அதே கிளந்தான்தான். குபாங் அக்கா, சிரிக்காதீர்கள்.

விட்டுவந்த அண்ணே, உங்கள் கேள்விக்கு உடனே பதில் தெரியவில்லை. தாத்தாவுக்கு இரத்த அழுத்தம், மாதா மாதம் போவார். விடுமுறையில் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.


பிறை_அப்பா
வியாழன், காலை 6.05

61ஆ? அனாட்டமியை மூடு. கெமிஸ்ட்ரியைத் திற.

நான் படிக்கச் சொன்னது மெட்ரிக் பாடத்தை. மருத்துவப் புத்தகத்தை இல்லை. தினம் ஒன்றரை மணி நேரம் மதிப்பெண் இல்லாத பாடத்துக்குப் போகிறது என்று முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். இது அந்த ஃபுட்சாலைவிட மோசம். ஃபுட்சால் ஆடினால் உடம்பாவது வேர்க்கும்.


மூன்றாமாண்டு_குபாங்
வியாழன், காலை 7.40

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பாசிர் மாஸ்! தினம் பத்து நிமிடம் அவளோடு அவள் ஊர் மலாயில் பேசு. கெமிஸ்ட்ரியும் அவளோடு உட்கார்ந்தே படி. நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் உனக்குப் புரிந்துவிடும், அவள் உனக்குச் சொல்லிக்கொடுத்தாலும் புரிந்துவிடும்.

நேர்காணல் பற்றி யாரும் சொல்லவில்லையே. என்னிடம் மலேசியாவில் வந்த ஒரு தொற்றுநோய் பற்றிக் கேட்டார்கள். எல்லாரும் கோவிட் சொல்வார்கள். நான் நிப்பா சொன்னேன். என் மாமா 1998, 99இல் நெகிரி செம்பிலான் பக்கம் பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் லாரி ஓட்டினார், வீட்டில் அந்தக் கதை அடிக்கடி வரும். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். பண்ணையில் வேலை செய்தவர்கள் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கௌ பிங் இது வேறு வைரஸ் என்று கண்டுபிடித்த பிறகுதான் வழி மாறியது. நூறு பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். சுங்கை நிப்பா என்ற ஊர்ப் பெயர்தான் அந்த வைரஸுக்கு. மாமா லாரிக்குப் பக்கத்தில் போகவே பயந்து மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் இருந்ததையும் சொன்னேன். நேர்காணல் செய்த மூவரும் அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள், மாமா வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் கோச்சிங் தேவையில்லை. வீட்டுப் பெரியவர்களோடு சாப்பிட உட்கார்ந்தால் போதும்.


நைட்_ஷிப்ட்
வெள்ளி, இரவு 11.55

61 பெரிய விஷயம் இல்லை, முதல் தேர்வுதான். ஆனால் இந்த வாரமே கெமிஸ்ட்ரி ஆசிரியரிடம் போய் எங்கே விட்டாய் என்று கேள். வெட்கப்படாமல் கேட்கப் பழகு, அந்தப் பழக்கம் பின்னால் ஆளையே காப்பாற்றும். நோயாளியையும்.

நேரக் கணக்கு என்னிடம் கேட்டால்: வார நாட்களில் படிப்பு, சனிக்கிழமை மதியத்துக்கு மேல் புத்தகத்தைத் தொடாதே. நான் அப்படி இருக்கவில்லை. இருந்திருந்தால் இன்று கூப்பிட இரண்டு நண்பர்கள் கூடுதலாக இருந்திருப்பார்கள்.

பினாங்கில் வேலை செய்ய ஆசை என்றால் ஹொக்கியனும், அங்கே சீனர்கள் பேசும் மொழி, நாலு வார்த்தை கற்றுக்கொள். 'தியா' என்றால் வலி. அதிலிருந்து ஆரம்பி.


சுங்கை_பாக்காப்_07
சனி, காலை 9.10

ஆசிரியரைப் பார்த்தேன். மோல் கணக்கில் அடிப்படையே ஆட்டம் என்றார். செவ்வாய், வியாழன் வரச் சொல்லியிருக்கிறார், பாசிர் மாஸ்காரியும் வருகிறாள். அவளுக்கு 58.

மாமியார் வேடம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லையாம், அதற்கு ஒத்துக்கொண்டேன். திரைக்குப் பின்னால்தான், நைட் ஷிப்ட் அண்ணே.

இன்று மதியம் நாலு பேரும் பினாங்குத் தீவுக்குப் போகிறோம், தெலுக் பஹாங். பஸ் எது?


தண்ணீர்மலை_தொண்டன்
சனி, காலை 9.25

பட்டர்வொர்த்தில் படகு ஏறி ஜெட்டியில் இறங்குங்கள். அங்கேயே ராபிட் பினாங்கு 101. பத்து ஃபெரிங்கியில் பாதி பேர் இறங்குவார்கள், நீங்கள் இறங்காதீர்கள், கடைசி வரை போங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.


சுங்கை_பாக்காப்_07
சனி, காலை 9.31

101. சரி.

பி.கு. அனாட்டமிப் புத்தகம் விற்பனைக்கு. 100 வெள்ளி. கை நரம்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் கசங்கியிருக்கும்.


லெபோ_குயின்
சனி, காலை 9.33

60. நாசி கண்டார் கடை பெயரும் சேர்த்து.


பிறை_அப்பா
சனி, காலை 9.50

80க்குக் கீழே கொடுக்காதே மகளே.